ஊதாவாத் தெரிஞ்ச கை

டொய்ங்.

கேட்டுச்சா மேடம்? இருங்க, கதவுகிட்டயே நில்லுங்க, இன்னொரு தடவை அழுத்தறேன். டொய்ங். அதான். ரெண்டு ராத்திரியா இந்தச் சத்தத்தோடதான் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கேன். நேத்து வீட்ல காலிங்பெல் அடிச்சப்போகூட, யாரோ வாசல்ல நின்னு பாஸ்வேர்டு கேக்கறாங்கன்னுதான் எந்திரிச்சேன்.

வாங்க, உள்ள வாங்க. பையைத் தரையில வச்சிடாதீங்க, பசை ஒட்டிக்கும். லேபிள் அடிக்கற கம்பெனியில பசை இல்லாத இடம்னா மாடியில உங்க கம்ப்யூட்டர் ரூம் ஒண்ணுதான். இந்த ஸ்டூல்ல வைங்க. ஆமா, ராத்திரி கேமரா பாக்கறவன் நான்தான். உங்க கதவுல சீட்டு ஒட்டினதும் நான்தான். நம்ம லேபிள் பின்பக்கத்துலயே எழுதி ஒட்டிட்டேன், உரிக்க வந்திருக்காதே? மன்னிச்சுக்குங்க. நம்ம பசை அப்படி.

என்னது, மேடம் வேண்டாமா? சரி, அப்ப தங்கச்சின்னு கூப்பிடறேன். எனக்கு நிஜமாவே ஒரு தங்கச்சி இருக்கா, அவளும் இப்படித்தான் இடுப்புல கைய வச்சுக்கிட்டு என்னைப் பாப்பா, இவன் எதை உடைச்சு வச்சிருக்கான்னு.

ஒண்ணும் உடைக்கலம்மா. விஷயத்தைச் சொல்லிடறேன், மணி ஏழே முக்கால் ஆயிடுச்சு. ஒன்பதுக்கு சூப்பர்வைசர் இங்க வந்து நிப்பாரு. மூணு ராத்திரியா என் ஷிப்ட்ல பாதி ரோல்தான் முடிஞ்சிருக்கு. ஏன்னு கேக்க வர்றாரு. நேத்தே போன்ல சொல்லிட்டாரு, முடியலன்னா சொல்லிடுப்பா, பழையபடி கீழ மூட்டை ஏத்தற பக்கம் போயிடுன்னு. நாப்பத்தொம்போது வயசுல நான் என்னத்த மூட்டை ஏத்தறது? இப்பல்லாம் செருப்பு மாட்டக் குனிஞ்சாலே, கீழ வேற என்னென்ன வேலை இருக்குன்னு பாத்து எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் நிமிர்றேன். அதனால ஒன்பதுக்குள்ள எனக்கு அந்த செட்டிங்ஸ் சாஃப்ட்வேர் திரும்ப வந்தாகணும். வந்தா ராத்திரி வேலை. வரலன்னா மூட்டை.

எந்த சாஃப்ட்வேரா? இப்படி வாங்க. சனிக்கிழமை நீங்க இதை ஃபார்மட் பண்ணி, புதுசா சிஸ்டம் போட்டீங்கல்ல? அதுக்கு முன்னாடி, திரையில சும்மா இருக்கற இடத்துல ரைட் கிளிக் பண்ணினா ஒரு பட்டியல் வரும், அதுல கடைசி வரி கிராஃபிக்ஸ் கார்டோட கன்ட்ரோல் பேனல். வெளிச்சம், கலரு, எல்லாம் அதுக்குள்ளதான். இப்ப பாருங்க, கிளிக். எல்லாரும் வந்திருக்காங்க, அவரை மட்டும் காணோம். குடும்ப போட்டோவுல ஒருத்தரை மட்டும் கத்தரிச்சு எடுத்த மாதிரி இல்ல?

டிரைவர் ஏறலயோன்னு நானும் அதையேதான் நினைச்சேன். டிவைஸ் மேனேஜர்ல போய்ப் பாத்தேன். கார்டு பேரு, மாடல் நம்பரு, எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. மஞ்சள் முக்கோணம்கூட இல்ல. அட, எனக்கு எப்படித் தெரியும்னா? ராத்திரி வேலை பாக்கறவனுக்கு என்னம்மா, மிஷின் சுத்தம் பண்றப்போ ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கும். மிஷின்காரர் அந்த நேரத்துல குறட்டை விடுவாரு. நான் படிப்பேன். பதினோரு வருஷமா எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி படிச்சு, இப்ப எனக்கு இங்கிலீஷ்ல எல்லா எரர் மெசேஜும் தெரியும். வணக்கம், சௌக்கியமா, இது ரெண்டு மட்டும் சொல்ல வராது.

அப்புறம் பின்னாடி எட்டிப் பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க அவசரத்துல மானிட்டர் கேபிளை மேல இருக்கற ஓட்டையில சொருகிட்டீங்க. அது மதர்போர்டோட ஓட்டை. கார்டோடது கீழ இருக்கு. கார்டு பாவம், வேலை கிடைக்காம உக்காந்திருக்கு, மேல இருக்கறவன் அரைகுறையா பாத்துக்கிட்டு இருக்கான். ஆபீஸ்னாலே அப்படித்தானே. சிரிக்காதீங்க, அதைச் சரி பண்ண மேஜைக்கு அடியில போனவன் வெளிய வர்றதுக்குள்ள மிஷின்காரர் ரெண்டு தடவை என் பேரைச் சொல்லிக் கத்திட்டாரு. கேபிளை மாத்தியாச்சு. அப்பவும் அந்த வரி வரலை.

ரெண்டாம் ராத்திரி பூரா தேடினேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வியை ஒருத்தன் கேட்டிருக்கான், வார்த்தைக்கு வார்த்தை இதே. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, உலகத்துல இன்னொருத்தன் இருக்கான்டான்னு. கீழ பாத்தா அவனே, சரியாயிடுச்சு எல்லாருக்கும் நன்றின்னு போட்டுட்டுப் போயிட்டான். எப்படிச் சரியாச்சுன்னு சொல்லணுமா இல்லையா? படுபாவி. கையில கிடைச்சான்னா இந்தப் பசையில உக்கார வச்சிடுவேன்.

கடைசியில வேற இடத்துல கிடைச்சுது. இப்ப வர்ற புது மாதிரி டிரைவர்ல அந்த பேனல் கூட வராதாம். சிஸ்டம் தானா இறக்கிக்கறது டிரைவரை மட்டும்தான். பேனலைத் தனியா ஸ்டோர்ல போய் எடுத்துக்கணுமாம். சட்டை வாங்கினா பட்டன் பக்கத்துக் கடையிலன்னு சொல்ற மாதிரி. சரி, ஸ்டோருக்குப் போகலாம்னா, நீங்க ஸ்டோரையே பூட்டி வச்சிருக்கீங்க, அங்கயும் டொய்ங், பாஸ்வேர்டு. தப்புச் சொல்லலம்மா, பூட்டத்தான் வேணும், பகல் ஷிப்ட்ல இங்க உக்கார்ற பகல்காரர் முன்னாடி இதுல சீட்டு விளையாடிக்கிட்டு இருந்தாரு. அதனால வீட்லேர்ந்து பழைய முழு பேக்கேஜ், டிரைவர் பேனல் எல்லாம் சேர்ந்தது, பென்டிரைவ்ல கொண்டாந்தேன். வைரஸ் பாத்தாச்சு, ரெண்டு தடவை. இங்க சொருகி அழுத்தினா டொய்ங். அட்மின் பாஸ்வேர்டு வேணுமாம். அது இந்தக் கட்டடத்துல ஒரே ஒருத்தர்கிட்டதான் இருக்கு. அவங்க காலையில ஏழரைக்குத்தான் வருவாங்க. உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து படிக்கட்டுல நின்னேன்.

அடிங்கம்மா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். அடேயப்பா, அடிச்சுக்கிட்டே இருக்கீங்க! எங்க வீட்டு விலாசம்கூட இவ்வளவு நீளம் இல்ல.

ஓடுது, ஓடுது. மூணு பர்சென்ட். உக்காருங்க. நடுவுல ஒரு தடவை திரை கருத்துடும், பயந்துடாதீங்க, டிரைவர் மாறும்போது அப்படித்தான். நான் முதல் தடவை பாத்தப்போ எந்திரிச்சு ஓடிட்டேன்.

என் வேலையா? நீங்க இங்க வந்து நாலு வருஷமாச்சு, கீழ நாங்க என்ன பண்றோம்னு தெரியாதா? நாங்களும் மாடியில நீங்க என்ன பண்றீங்கன்னு தெரியாமத்தான் இருக்கோம், விடுங்க. இதோ பாருங்க, லேபிள் ரோலு. இருமல் மருந்து பாட்டில்ல ஒட்டறது. ரெண்டு வகை. ஒரே பேரு, ஒரே எழுத்து, ஒரே படம். அடியில பட்டை மட்டும் வேற. சிவப்புப் பட்டை பெரியவங்களுக்கு, பச்சைப் பட்டை குழந்தைங்களுக்கு. பட்டைக்குக் கீழ பொடி எழுத்துல அதையே எழுதியும் இருக்கும், ஆனா ரோல் ஓடற வேகத்துல அதை யாராலயும் படிக்க முடியாது. எப்பவாவது ஒரு ரோலோட வாலை இன்னொண்ணோட தலையில ஒட்டறப்போ, கை தவறி அந்த வகையையும் இந்த வகையையும் சேத்துடுவாங்க. கேமரா அதைக் காட்டும், நான் பாப்பேன், தப்புன்னா இந்த பட்டனை அழுத்துவேன், மிஷின் நிக்கும், மிஷின்காரர் திட்டுவாரு. அவ்வளவுதான் உத்தியோகம். பதினோரு வருஷத்துல மூணு தடவை தப்பு ரோல் வந்துச்சு. மூணையும் பிடிச்சிருக்கேன். பகல்ல ஒண்ணு தப்பிச்சு வெளிய போய், லாரியைப் பாதி வழியில திருப்பிக் கொண்டாந்தாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.

படம் தெளிவாத்தானே இருக்கு, இதுக்கு எதுக்கு பேனலா? அது... பழக்கம்தான். ஒரே எடத்துல உக்காந்து ஒரே மாதிரி பாத்துப் பழகின கண்ணு. கொஞ்சம் மாறினாலும் படுத்தும். நாப்பது பர்சென்ட் ஆயிடுச்சு பாருங்க.

அதை விடுங்க, சனிக்கிழமை கதையைச் சொல்லுங்க. எனக்கு மிஷின்காரர் சொன்னதுதான் தெரியும். பகல்காரர் காலையில வந்து உக்காந்தாராம். திரையைப் பாத்தாராம். மிஷின்காரரோட தம்பி அங்க ரோல் மாத்திக்கிட்டு இருக்காரு, அவர் கை திரையில ஊதாவாத் தெரியுது. கத்திரிக்காய் கலர்ல. மனுஷன் அலறி அடிச்சுக்கிட்டு ஓடி, யோவ் கைய நீட்டு, கைய நீட்டு, உனக்கு ரத்தம் ஓடலைன்னு அவர் கையைப் பிடிச்சுத் தேய் தேய்னு தேய்ச்சிருக்காரு. அவரும் பயந்து போய் தண்ணியைக் குடிச்சிட்டு உக்காந்துட்டாராம். அப்புறம்தான் யாரோ நேர்ல கையைப் பாத்திருக்காங்க, நல்லாத்தான் இருக்கு.

ஆமா ஆமா, அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டது. லீவு நாளா அது உங்களுக்கு? அய்யோ. கேபிளை மாத்தினீங்களா? மானிட்டரையே மாத்தினீங்களா? கேமராக்காரனையும் வரவழைச்சீங்களா! அவன் என் கேமரா மேல குத்தமே இல்லன்னு சண்டைக்கு நின்னானா, அவன் அப்படித்தான். கடைசியில வைரஸா இருக்கும்னு மொத்தத்தையும் துடைச்சுட்டீங்க. துடைச்சதும் சரியாயிடுச்சு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இங்கயே இருந்தீங்களா? உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையே? ரெண்டு நாள் பேசலையா? இந்த ஒரு கம்ப்யூட்டருக்கா? அவ்வளவு தூரம் போகும்னு எனக்குத் தெரியாதும்மா.

கருத்துடுச்சு பாருங்க. சொன்னேன்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு... வந்துடுச்சு. நூறு. ரீஸ்டார்ட் கேக்குது, குடுங்க.

இந்தச் சமயத்துல பேசக்கூடாதும்மா. எனக்கு ஒரு பயம்.

ம். கிளிக்.

வந்துட்டாருய்யா! கடைசி வரி, பாத்தீங்களா? அதே இடத்துல, ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்திருக்காரு. ரொம்ப நன்றிம்மா. நல்லா இருப்பீங்க. சரி, நீங்க கிளம்புங்க, மேல ஆயிரம் வேலை இருக்கும், இனிமே நான் பாத்துக்கறேன்.

போகலையா?

செட்டிங்ஸ் நம்பரை எழுதி வச்சுக்கறீங்களா. அடுத்த தடவை துடைச்சாலும் நீங்களே போட்டுத் தர்றதுக்கா. நல்ல எண்ணம்தான். இல்ல, அதெல்லாம் எதுக்கு உங்களுக்குச் சிரமம், சும்மா கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் அது இது...

சரி, உக்காருங்க. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. எழுதிக்குங்க.

கலர் பக்கத்துக்குப் போங்க. கடைசிக்கு முந்தின கோடு, கலரோட அழுத்தம். அம்பதுல நிக்குதா? எண்பத்தஞ்சு வைங்க. ஆமா, கண்ணு கூசும். அடுத்தது கடைசிக் கோடு. ஹியூன்னு போட்டிருக்கும், நிறத்தையே மாத்தி விடறது. பூஜ்யத்துல இருக்கா? இருநூத்தி எண்பது.

இல்ல, சரியாத்தான் சொல்றேன். இருபத்தெட்டு இல்ல. இருநூத்தி எண்பது. தள்ளுங்க.

ஆமா. அதே ஊதாதான்.

உங்க சனிக்கிழமை பூரா தேடினீங்களே, அது வைரஸ் இல்லம்மா. கேபிளும் இல்ல, கேமராவும் இல்ல. நான்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி மழை. காலையில பஸ்ஸை விட்டுடுவோம்னு ஓடினேன். தினம் கிளம்பறதுக்கு முன்னாடி பூஜ்யத்துக்குத் தள்ளி வச்சுட்டுத்தான் போவேன். அன்னிக்கு ஒரு நாள் மறந்துட்டேன். பஸ்ஸுல உக்காந்தப்புறம் ஞாபகம் வந்துச்சு. இறங்கித் திரும்பி வந்திருக்கலாம். யாரு பாக்கப் போறான்னு கண்ணை மூடிட்டேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட வேணா நான் வந்து பேசறேன்.

எதுக்கு இப்படி வைக்கறேன்னா? எனக்கு அந்தப் பட்டை ரெண்டும் ஒண்ணுதான். சிவப்பும் பச்சையும். ரெண்டும் மண்ணு மாதிரி ஏதோ ஒரு நிறம். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். சின்ன வயசுல அக்கா பச்சை நூல்கண்டு வாங்கிட்டு வாடான்னு அனுப்புவா, நான் எதையோ வாங்கிட்டு வருவேன், வேணும்னே பண்றேன்னு முதுகுல வைப்பா. நானும் வேணும்னே பண்ணினேன்னு சொல்லிடுவேன். முட்டாள்னு பேர் வாங்கறதுக்குக் குறும்புக்காரன்னு பேர் வாங்கறது மேல் இல்லையா?

மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தேன். ராத்திரி கேமராவுக்கு யாரும் வரலைன்னாங்க. கை தூக்கிட்டேன். கண்ணு நல்லா தெரியுமான்னு கேட்டாங்க, தெரியும்னேன். பொய் இல்லையே, இங்கேர்ந்து அந்தச் சுவத்துல ஊர்ற எறும்பு தெரியும். முதல் ராத்திரி உக்காந்து பாக்கறேன், ஓடற ரோல் பூரா ஒரே நிறம். காலையில சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். போறதுக்கு முன்னாடி சும்மா எதையாவது நோண்டுவோம்னு ரைட் கிளிக் பண்ணி, இந்தக் கோட்டைப் பிடிச்சு இழுத்தேன். இழுக்க இழுக்க, ஒரு இடத்துல, ஒட்டிக்கிட்டு இருந்த ரெண்டு பட்டையும் பட்டுன்னு பிரிஞ்சு வந்துச்சும்மா. ஒண்ணு இருட்டா, ஒண்ணு பளிச்சுன்னு. உங்களுக்கு அது ஊதாவும் மஞ்சளுமாத் தெரியும்போல. எனக்கு அது பேரெல்லாம் தெரியாது. ரெண்டுன்னு தெரிஞ்சுது. முப்பத்தெட்டு வயசுல முதல் தடவை, இது வேற அது வேறன்னு ஒரு பார்வையில தெரிஞ்சுது. அப்படியே கைய எடுக்காம உக்காந்துட்டேன். மிஷின்காரர் வந்து, என்னய்யா தூங்கறியான்னாரு.

யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரிக்குக்கூட பாதிதான் தெரியும். எனக்கு ரசனை கிடையாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா.

நல்ல கேள்வி கேட்டீங்க. நடு ராத்திரியில இந்த பேனல் போயிட்டா என்ன பண்ணுவேன்? போச்சே. மூணு ராத்திரி இல்லாமத்தானே இருந்தேன். நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை மிஷினை நிறுத்துவேன். எந்திரிச்சுப் போய் லென்ஸை வச்சு அந்தப் பொடி எழுத்தைப் படிப்பேன். திரும்ப ஓட விடுவேன். திரும்ப நிறுத்துவேன். மிஷின்காரர் திட்டற திட்டுல பாதியை உங்ககிட்ட சொல்ல முடியாது. அதான் பாதி ரோல். குத்துமதிப்பா விட்டிருந்தா முழு ரோலும் முடிஞ்சிருக்கும், சூப்பர்வைசரும் வந்திருக்க மாட்டாரு. ஒரு கொழந்தை குடிக்கற மருந்தும்மா. குத்துமதிப்பா விட மனசு வரலை.

நீங்க அவர்கிட்ட சொல்லணும்னா சொல்லுங்க. அது உங்க வேலை, நான் தப்பா நினைக்க மாட்டேன்.

என்ன? நானே சொல்லணுமா? நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். சொன்னா என்ன சொல்வாரு? ரெண்டு வழிதான். மூட்டைக்குப் போன்னு சொல்வாரு. இல்ல, மூணு தப்பு ரோலைப் பிடிச்சது இந்தக் கண்ணுதானேன்னு சொல்வாரு. முதல்ல சொன்னதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேனா, ஒண்ணும் ஆகலையே. கூரை அப்படியேதான் இருக்கு. வெளியில சொல்லிப் பாக்கறது இதுதான் முதல் தடவை. நான் ரொம்ப நீளமா இருக்கும்னு நினைச்சேன். நாலு வார்த்தையில முடிஞ்சு போச்சு.

அய்யோ, வேண்டாம் வேண்டாம், பூஜ்யத்துக்குத் தள்ளாதீங்க. இருநூத்தி எண்பதுலயே இருக்கட்டும். இன்னிக்கு யாரும் அதை மறைக்க வேண்டாம். அவர் வருவாரு, திரையைப் பாப்பாரு, இது என்னய்யா ஊதாவா இருக்குன்னு அவரே கேப்பாரு. அவர் கேட்டா எனக்குச் சொல்ல வந்துடும். தானா ஆரம்பிக்கறதுதான் வராது.

பையை மறந்துட்டுப் போறீங்க பாருங்க. நீங்களும் ஒன்பதுக்கு வர்றீங்களா? வந்தா சும்மா கதவுகிட்ட நின்னாப் போதும், ஒண்ணும் பேச வேண்டாம்.

போறப்போ அந்த லைட்டை மட்டும் போட்டுட்டுப் போங்கம்மா. நேத்து ராத்திரி மிஷின்லேர்ந்து இறக்கி வச்ச ரோல்ல இன்னும் இருநூறு லேபிள் பாக்கி இருக்கு, அவர் வர்றதுக்குள்ள படிச்சு முடிச்சிடறேன். லென்ஸ் எங்க... ஆங், இங்க இருக்கு. எதுல விட்டேன்? இதுல.